தரங்கம்பாடியில் இரண்டு இரவு: இருவர் மட்டும் போய்வர முழுமையான வழிகாட்டி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கே தங்குவதில்லை. திருநள்ளாறு முடித்துத் திருக்கடையூர் போகும் வழியில் வேனை நிறுத்துவார்கள், கோட்டையை ஒரு சுற்று சுற்றுவார்கள், நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்தக் கூட்டம் காலை பத்து மணிக்கு மேல் சேர்ந்து, இருட்டுவதற்குள் கலைந்துவிடும். விடியற்காலையும் ராத்திரியும் அந்தக் கடற்கரை தங்குகிறவர்களுக்குத்தான். இருவர் மட்டும் அமைதியாக இரண்டு நாள் இருக்க நினைத்தால் திட்டத்தின் மையம் இதுதான்: நாளின் இரண்டு முனைகளிலும் கரையில் இருங்கள், நடுப்பகலை அறைக்கோ வேறு வேலைக்கோ விட்டுவிடுங்கள். தேதி, ரயில், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் இதற்கேற்பவே கீழே சொல்லியிருக்கிறோம்.

ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. மயிலாடுதுறையில் இருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், திருக்கடையூரில் இருந்து 8, பொறையாரில் இருந்து 3. டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த பழைய நகரம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளே சுற்ற வண்டியே வேண்டாம்.

எத்தனை நாள் என்று கேட்டால் இரண்டு இரவு. ஒரே இரவு என்றால் பயணக் களைப்போடு வந்து தூங்கி எழுந்ததும் பை கட்ட வேண்டியிருக்கும். கையோடு இரண்டு புத்தகம் எடுத்துவருகிற ஜோடிக்கு மூன்று இரவும் சரிப்படும், மற்றவர்களுக்கு மூன்றாம் நாள் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

தேதியைப் பிடிப்பது

ஜனவரி நடுவில் இருந்து மார்ச் முதல் வாரம் வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், விடியற்காலையில் மெல்லிய சால்வை தேவைப்படும் அளவுக்குக் குளிர்ச்சி இருக்கும். அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இந்தக் கரைக்குப் புயல் காலம். அப்போதுதான் விடுப்பு கிடைக்கிறது என்றால் போகலாம், ஆனால் கடைசி நாள் வரை இலவசமாக ரத்து செய்துகொள்ளும் வசதியுள்ள அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து சென்னை வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வந்துவிட்டால் தள்ளிப்போடுவதே சரி. ஏப்ரல், மே வெயில் கடுமை. கடற்காற்று முற்பகலுக்கு மேல்தான் எழும் என்பதால் காலை எட்டு மணிக்கே புழுக்கம் தொடங்கிவிடும்.

மீன் சாப்பிடவே போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். சிறிய ஃபைபர் படகுகள் கரைக்கு அருகே போய்வரும், சின்ன மீன் கிடைக்கும். வஞ்சிரம், வவ்வால் போன்ற பெரிய மீன் கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும், பனிக்கட்டியில் நாள்பட்டதாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது நிலவு. கிழக்குக் கரை என்பதால் இங்கே சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால் மேற்கில் மறையும். மாலையில் கடலோரம் அஸ்தமனம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதற்கு ஈடாகக் கடலில் இருந்து எழுகிற நிலவு இருக்கிறது. பௌர்ணமியன்று நிலவு ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்திலேயே எழும். வெளிச்சம் இன்னும் மிச்சமிருப்பதால் முதல் சில நிமிடம் வெளிறித் தெரியும், அடிவானத்தில் மூட்டம் இருந்தால் தெரியவே தெரியாது. மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக, வானம் நன்றாக இருட்டிய பிறகு எழும். செம்பு நிறத்தில் பெரிதாக வருவதைப் பார்க்க அந்த இரவுதான் சரியானது. ஆகவே பௌர்ணமியும் அதன் மறுநாளும் நீங்கள் தங்கும் இரண்டு இரவுகளாக அமையும்படி காலண்டரைப் பாருங்கள்.

தவிர்க்க வேண்டிய பௌர்ணமிகளும் வேறு நாட்களும் உண்டு. மாசி மகத்துக்குக் கடற்கரையெங்கும் தீர்த்தவாரிக் கூட்டம் இருக்கும். சித்ரா பௌர்ணமிக்குப் பூம்புகார் பக்கம் நெரியும். தை அமாவாசைக்குத் திருக்கடையூரில் அபிராமி பட்டருக்காகக் கூட்டம் சேரும், பூம்புகாரில் தர்ப்பணம் கொடுக்க வருவார்கள். காணும் பொங்கல், புத்தாண்டு இரண்டிலும் தரங்கம்பாடிக் கரையே நிரம்பிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. கடற்கரைச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டமும் வண்டி நெரிசலும் இருக்கும். சனிப்பெயர்ச்சி வாரத்தில் திருநள்ளாறைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு அறை கிடைப்பது கடினம்.

வாரத்தில் எந்த நாள்? ஞாயிறு சாயங்காலம் காரைக்கால், மயிலாடுதுறைக் குடும்பங்கள் கரைக்கு வரும். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. திங்கள் வந்து புதன் திரும்புவது மிகவும் நல்லது. வார இறுதி மட்டும்தான் முடியும் என்றால் வெள்ளி–ஞாயிறைவிட சனி–திங்கள் மேல்: ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வடிந்துவிடும், திங்கள் விடியல் முழுக்க உங்களுடையது.

போய்ச் சேருவது

தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் மயிலாடுதுறையில் இருந்து ரயில் ஓடியது, 1980களில் நின்றுபோனது. இன்று இறங்க வேண்டிய இடம் மயிலாடுதுறை சந்திப்பு.

சென்னையில் இருந்து என்றால் பகலில் போகும் சோழன் விரைவு ரயில். காலையில் எழும்பூரில் ஏறினால் மதியம் வாக்கில் மயிலாடுதுறை, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. அறை கொடுக்கும் நேரத்துக்குக் கச்சிதமாகப் போய்ச் சேரலாம். இரவு கிளம்பும் உழவன் விரைவு ரயில் ஒரு பகலை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும். ஆனால் அது விடிவதற்கு வெகுநேரம் முன்பே மயிலாடுதுறையில் இறக்கிவிடும். மதியம் வரை அறை கிடைக்காது, தூக்கமும் போயிருக்கும், அந்த நாள் முழுவதும் இருவருக்கும் எரிச்சலாகவே கழியும். அப்படித்தான் வர முடியும் என்றால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள்.

கோவையில் இருந்து மயிலாடுதுறை வரை ஜன் சதாப்தி இருக்கிறது. காலையில் ஏறினால் பிற்பகலில் வந்துவிடலாம், திரும்பவும் பிற்பகலில் கிளம்பி இரவு போய்ச் சேரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடாது என்பதால் கோவை, ஈரோடு, கரூர்க்காரர்கள் தேதி போடும்போதே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் ஏறினால் மைசூரில் இருந்து வரும் ரயில் இரவோடு இரவாக வந்து காலையில் விடும்.

ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கும். ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளுக்கு அன்றே போட்டுவிடுவது நல்லது. விட்டுப்போனால் தத்கால்: முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகள், 11 மணிக்கு மற்றவை. கிளம்பும் நேரங்கள் அட்டவணை மாறும்போது மாறும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை சந்திப்பு ஊருக்கு வெளியே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். அங்கிருந்து பொறையார் போகும் பேருந்துகள் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடியைத் தொட்டுப் போகும். இரண்டு பெட்டி இருந்தால் பேருந்து வேண்டாம். தங்குமிடத்தில் முந்தின நாளே சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெருநகரத்தில்போலச் செயலியைத் திறந்ததும் கார் வந்து நிற்கும் என்று நம்பி இறங்கினால் நிலைய வாசலில் காத்துக் கிடக்க நேரும்.

காரில் சென்னையில் இருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இடையில் சாப்பிட நிறுத்தினால் ஆறு மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் புதுச்சேரி நெரிசலுக்கு முன்பே அதைத் தாண்டிவிடலாம்.

பொறையாரைத் தாண்டி நண்டலாறு வந்தால் அந்தப்பக்கம் காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். மது அங்கே விலை குறைவு என்பதால் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பிடிபட்டால் வழக்கு, வண்டி பறிமுதல் வரை போகும். இரண்டு நாள் நிம்மதியை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

அறை: கேட்க வேண்டிய கேள்விகள்

தரங்கம்பாடியில் தங்குமிடங்கள் குறைவு. கோட்டைக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய பங்களா பாரம்பரிய விடுதியாக இருக்கிறது. ராஜா வீதியிலும் அதைச் சுற்றியும் பழைய வீடுகளைப் புதுப்பித்த சில விடுதிகள், எளிய தங்கும் அறைகள் உண்டு. மலிவான அறைகளும் சைவச் சாப்பாடும் திருக்கடையூரில் அதிகம், ஆனால் அங்கே தங்கினால் விடியற்காலைக் கடற்கரை கைநழுவிப்போகும். முடிந்தவரை நகர வாசலுக்கு உள்ளே, கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில் பாருங்கள்.

இணையத்தில் ‘தரங்கம்பாடி’ என்று தேடினால் காரைக்கால் விடுதிகளும் சேர்ந்தே வரும். முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் 609313 என்று இருக்கிறதா என்று பாருங்கள், வரைபடத்தில் கோட்டைக்கும் விடுதிக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். பிறகு பணம் கட்டும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்.

அறையில் இருந்தே கடல் தெரியுமா, பொதுவான மாடத்தில் இருந்து மட்டும் தெரியுமா? ‘கடல் தெரியும் அறை’ என்ற பெயரில் மதிலுக்கு மேல் ஒரு கீற்று தெரிகிற அறையைக் கொடுப்பது எல்லாக் கடற்கரை ஊரிலும் நடக்கிறது. அறை எண்ணைக் கேட்டு, சன்னல் வழியாக எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.

மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு ஏசிக்கும் உண்டா, விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமா?

குளிக்கிற தண்ணீர் உப்பா? கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் கரித்துக் கிடக்கும். சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். உப்பு என்று சொன்னால் கடைசியாகத் தலையில் ஊற்ற இரண்டு வாளி நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். தயங்காமல் கேட்கலாம், ஏற்பாடு செய்வார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தவர்கள் அதிகம். சின்ன விடுதிகளில் ஆளுக்கேற்பத்தான் மீன் வாங்குவார்கள். மதியமே சொல்லாவிட்டால் இரவு எட்டரைக்கு முட்டையும் சப்பாத்தியும்தான்.

வாடகையைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,600 ரூபாய் அறை உண்மையில் 9,000-ஐத் தொடுவது இதனால்தான். எல்லையோரத்தில் விலை சொன்னால் ‘வரிக்கு முன் 7,500-க்குள் முடியுமா’ என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இருவருமே ஆதாரோ வேறு அடையாள அட்டையோ எடுத்துப்போக வேண்டும், ஒருவருடையது போதாது. நகல் கேட்டால் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில சிறிய விடுதிகள் வாசலில் வைத்து மறுத்துவிடும். பெட்டியோடு நின்று சட்டம் பேசுவதால் அந்த மாலை திரும்பக் கிடைக்காது. முன்பே கேட்டு, சரி என்று சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போவதுதான் வழி.

பையில் என்ன

பருத்தி உடை, பின்வார் வைத்த செருப்பு (சாதாரணச் செருப்பு ஈரமணலில் கழன்று வரும்), தொப்பி, சின்ன டார்ச், கொசுவிரட்டிக் களிம்பு. பகலில் கடற்காற்று வீசும்போது கொசு தெரியாது. இரவு முற்றியதும் காற்று திசை மாறித் தரையில் இருந்து கடலுக்கு வீசத் தொடங்கும், அப்போதுதான் வரும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் துடைக்க மென்துணி கொண்டுபோங்கள். உப்புத் துளி படிந்து அரைமணியில் படம் மங்கும், சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். பணம் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஏடிஎம், மருந்துக்கடை, அரசு மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பொறையார்தான்.

முதல் நாள்: எதையும் பார்க்காதீர்கள்

மதியம் போய்ச் சேர்ந்ததும் இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுக் குளித்துத் தூங்குங்கள். கோட்டை நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஐந்து மணிக்கு மேல் கடைசி வேன்கள் கிளம்பும். அப்போது இறங்கிப்போய்க் கோட்டை முன்னுள்ள திடலில், கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தால் போதும். பிப்ரவரி நடுவில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.18-க்கு. பௌர்ணமியாக இருந்தால் அதற்குச் சற்று முன்பிருந்தே முகத்தைக் கிழக்கே வைத்திருங்கள்.

இருட்டிய பிறகு வெளிச்சம் உள்ள இடத்திலேயே இருங்கள். வடக்கே, தெற்கே நீளும் கரையில் மீனவர் குடியிருப்புகள் இருக்கின்றன. வலைகள், படகுக் கயிறுகள் இருட்டில் காலைத் தட்டும். அது அவர்கள் வீட்டு வாசல் என்பதையும் நினைவில் வையுங்கள். கைகோத்து நடப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதற்குமேல் என்றால் பார்வைகள் திரும்பும். அனுமதி கேட்காமல் மனிதர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: நடை

சூரியன் எழும் நேரம் ஜனவரி, பிப்ரவரியில் ஏறக்குறைய 6.32. ஜூனில் 5.48. நிறம் அதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்பே தொடங்கிவிடும் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். முந்தின இரவே பிளாஸ்கில் காபி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது.

முதலில் கரையோரமாக வடக்கே சில நிமிடம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அலை கிட்டத்தட்ட கோயிலடியிலேயே உடைகிறது. இளவெயில் கல்லில் படும்போது பார்க்க வேண்டிய இடம். ஏழரைக்கு மேல் வெளிச்சம் தட்டையாகிவிடும்.

இந்தக் கரையில் ஓசோன் நிறைந்திருப்பதால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சல் தரும் வாயு. கடலோரம் நாம் உணரும் அந்த மணம், கடலின் நுண்பாசிகளோடு தொடர்புடைய கந்தகச் சேர்மத்தில் இருந்து வருவது. நல்ல காற்று என்பது உண்மை, காரணம்தான் வேறு.

காலை உணவுக்குப் பிறகு, ஒன்பது மணி வாக்கில், ஊரின் மேற்கு முனையில் இருந்து தொடங்குங்கள். பலர் கோட்டையில் தொடங்கி வெயில் ஏறியதும் களைத்து அறைக்குத் திரும்பிவிடுவதால் தெருவையே பார்ப்பதில்லை. 1792-ல் கட்டிய நகர வாசல் வெள்ளையடித்து நிற்கும். அதற்குள் நுழைந்தால் ராஜா வீதி நேராகக் கடலுக்கு ஓடும். வெயில் முகத்தில் அடிக்கும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

வீதியில் 1701-ல் திறந்த சீயோன் ஆலயம் இருக்கிறது. அருகிலேயே புதிய எருசலேம் ஆலயம், 1718. நின்று பார்க்க வேண்டிய கட்டடம் இதுதான். சிலுவை வடிவத்தில் கட்டியது. வாசலுக்கு மேலே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முடிபோட்ட எழுத்துச் சின்னம். உள்ளே பலிபீடத்தின் முன் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு புதைக்கப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9-ல் இங்கே கரையிறங்கி, தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். 1719-ல் இறந்தபோது வயது 36. அச்சில் வந்த தமிழின் வரலாற்றில் அக்கறை உள்ள யாரும் அந்தக் கல் முன் சில நிமிடம் செலவிடுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், அப்போது சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள். பூட்டியிருந்தால் வளாகத்தில் உள்ளவரிடம் கேட்டால் திறந்துவிடுவார்கள்.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு அட்மிரல் வீதியில் 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அச்சுக்கலை, மொழிபெயர்ப்பு பற்றிய காட்சிகள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஒரு மணி நேரம் வையுங்கள்.

அங்கிருந்து கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் செய்த உடன்படிக்கையின் பேரில் ஓவே கியெட் என்ற டேனிஷ் தளபதி எழுப்பியது, டான்ஸ்போர்க் என்று பெயர். கீழே கிடங்குகள், சிறை, காவலர் அறைகள், மேலே ஆளுநர் இருந்த தளம். அங்கேதான் அருங்காட்சியகமும் இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் சேராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறின. துறைமுக வணிகம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது, ஊர் அப்படியே உறைந்தது. இன்றைக்கு நாம் தேடிவரும் அமைதிக்கு அந்த வணிகச் சரிவே காரணம்.

பன்னிரண்டு மணிக்கு நடை முடிந்துவிடும். மாலை நாலரை வரை வெளியே வராதீர்கள்.

கடலில் இறங்குவது

கோட்டை முன்னால் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி படிந்திருக்கும். படம் எடுக்க ஏறி வழுக்கி விழுவது வழக்கமான விபத்து, ஏற வேண்டாம். மணல் உள்ள இடத்திலும் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். அலை கரைக்குப் பக்கத்திலேயே உடைவதால் தரை சட்டென்று ஆழமாகும். உயிர்காப்பாளர்களை எதிர்பார்க்க முடியாது.

அலைகள் வரிசையாக நுரைத்து உடையும்போது நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. எவ்வளவு பலசாலியும் சில நிமிடத்தில் களைத்துவிடுவார், மூழ்குவது அந்தக் களைப்பால்தான். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேறிய பிறகு சாய்வாகக் கரைக்கு வர வேண்டும்.

ஜோடியாகப் போகிறவர்கள் இதைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் இழுக்கப்பட்டால் மற்றவர் பின்னால் குதிக்கக் கூடாது. இரட்டைச் சாவுகள் அப்படித்தான் நேர்கின்றன. மூடிய காலித் தண்ணீர்க் கேன், கயிறு, மிதக்கிற எதையாவது எறியுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். 108 ஆம்புலன்ஸ், 1093 கடலோரக் காவல். 2004 சுனாமியில் பெரும் உயிரிழப்பைக் கண்ட கரை இது. தரை அதிர்ந்தாலோ கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேற்கே ஓட வேண்டும்.

சாப்பாடு

காலையில் ஃபைபர் படகுகள் கரையேறும்போது மீன் அங்கேயே விற்பனையாகும். விடுதியில் சமைத்துத் தருவார்கள் என்றால் நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பழையது. கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். இருவருக்கு முக்கால் கிலோ முழுமீன் போதும், தலை, குடல் போக அரைக்கிலோ நிற்கும். வஞ்சிரத்தையே எல்லோரும் கேட்பார்கள். குழம்புக்குச் சங்கராவும், வறுக்க நெத்திலியும் அதைவிட நல்ல தேர்வு, இவை அன்றன்றைக்குப் பிடித்தவையாகவே கிடைக்கும். இறால் கேட்டால் கடல் இறாலா, பண்ணை இறாலா என்று கேளுங்கள். இந்தப் பகுதியில் இறால் பண்ணைகள் நிறைய, சொல்லாவிட்டால் அதுதான் வரும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளையாவது திருக்கடையூருக்கோ பொறையாருக்கோ போக வேண்டியிருக்கும்.

பக்கத்தில் ஒரே ஒரு இடம்

திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, பூம்புகார், சிதம்பரம் என்று அடுக்கினால் அது தலயாத்திரையாகிவிடும், கடற்கரை மறந்துபோகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் இருவருக்கும் பொருத்தமானது. ஆயுளுக்கு வேண்டுகிற தலம் என்பதால் அறுபது நிறைந்தவர்கள் சஷ்டியப்தபூர்த்தியும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதில் சதாபிஷேகமும் செய்துகொள்ள வருவார்கள். காலை எட்டு மணிக்குப் பிரகாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலை மாற்றிக்கொள்கிற முதிய தம்பதிகள், சுற்றிப் பேரப்பிள்ளைகள். புதிதாக மணமானவர்கள் பார்க்க வேண்டிய காட்சி. அபிராமி சன்னதியில் நின்றுவிட்டு வரலாம். மதியம் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள், ஆகவே காலையில் போங்கள்.

கோயில் வேண்டாம் என்றால் பூம்புகார், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காவிரி கடலில் கலக்கும் இடமும், 1973-ல் கட்டிய ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் இருக்கின்றன. கலைக்கூடத்தில் சீரமைப்பு வேலை நடந்துவந்தது, திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

கிளம்பும் நாள்

விடியலுக்கு மறுபடியும் எழுந்திருங்கள். அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் 10 அல்லது 11 மணி. மயிலாடுதுறையில் ரயில் பிற்பகலில் என்றால் பதினொன்றரைக்குத் தரங்கம்பாடியை விட்டால் போதும். பேருந்தில் போகிறவர்கள் சந்திப்புக்குப் போகும் ஆட்டோவையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை மயிலாடுதுறை ஊருக்குள் முடித்துவிட்டு நிலையம் போங்கள், சந்திப்பைச் சுற்றிக் கடைகள் குறைவு. கருவாடு வாங்கினால் இரண்டு உறையில் போட்டு இறுகக் கட்டச் சொல்லுங்கள். ஏசிப் பெட்டியில் ஆறு மணி நேரம் பக்கத்து இருக்கைக்காரர்களும் உங்களோடு வர வேண்டும்.